முற்றுப்புள்ளியின் இரு தொழில்

தமிழ் உரைநடையில் இன்று வழங்கும் நிறுத்தற்குறிகளுள் உருவிற் சிறியது முற்றுப்புள்ளி. மிகுதியாக வழங்குவனவற்றுள்ளும் அது ஒன்று. தொடரின் இறுதியில் வரும், சொற்குறுக்கத்தின் பின்னும் வரும் என்ற அளவில் பள்ளி இலக்கண நூல்கள் அதனைப் பற்றிக் கூறி அமைகின்றன. அவ்விரண்டு இடங்களிலும் அது செய்யும் தொழில் ஒன்றா, வேறா என்பதை அவை பெரும்பாலும் ஆராய்வதில்லை. ஆராயின், ஒரே குறி ஒன்றற்கொன்று மாறான இரு பொருளை உணர்த்தி நிற்றல் புலனாகும். தொடரின் இறுதியில் நிற்கும் புள்ளி, 'இத்தொடர் முடிந்தது' என்று அறிவிக்கின்றது. குறுக்கத்தின் பின் நிற்கும் புள்ளியோ, 'இச்சொல் முடியவில்லை. எஞ்சியதைப் படிப்போர் கூட்டிக் கொள்க' என்று அறிவிக்கின்றது. முன்னது முற்றைக் காட்டுவது. பின்னது எச்சத்தைக் காட்டுவது. முற்றையும் எச்சத்தையும் ஒரு குறியே காட்டுமாயின், அவை மயங்காதிருத்தற்கு வழி யாது? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இஃது அச்சுக் கோப்பார்க்கு மட்டும் உரிய சிறு செய்தி அன்று. ஆராய்ச்சியாளர் மேற்கோள் காட்டும் முறையும், பதிப்பாசிரியர் பழம்பாடலுக்குப் பொருள் வரையறுக்கும் முறையும் இதனைச் சார்ந்துள்ளன. சான்று எந்த நூலது என்பதும், தொடர் எங்கு முடிந்தது என்பதும் ஒரு புள்ளியால் மாறுபடும் இடங்கள் உள.

ஏட்டு வழக்கும் அச்சு வழக்கும்

புள்ளி என்னும் சொல் தமிழர்க்குப் புதியதன்று. மெய்யெழுத்து புள்ளி பெற்று நிற்கும் என்பதும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்பதும் தொல்காப்பியர் கூறியன. அப்புள்ளி எழுத்தின் இயல்பைக் காட்டுவதேயன்றித் தொடரின் எல்லையைக் காட்டுவதன்று. ஓலைச் சுவடிகளில் அவ்வெழுத்துப் புள்ளியும் பெரும்பாலும் இடப்படவில்லை. ஏட்டைப் படிப்போர் இலக்கண அறிவின் துணையால் மெய்யையும் உயிர்மெய்யையும் பிரித்தறிந்தனர். அவ்வறிவின் துணையாலேயே தொடரின் முடிவையும் அறிந்தனர்.

சொற்களைக் குறுக்கி எழுதும் வழக்கமும் அச்சிற்கு முன்னரே நம்மிடை இருந்தது. நாள் என்பதற்கு ௳, மாதம் என்பதற்கு ௴, வருடம் என்பதற்கு ௵, பற்று என்பதற்கு ௶, வரவு என்பதற்கு ௷, மேற்படி என்பதற்கு ௸, ரூபாய் என்பதற்கு ௹ என வரும் குறிகள் பழைய ஆவணங்களிலும் கணக்கேடுகளிலும் பயின்றன. இவற்றுள் யாதொன்றும் புள்ளி பெறவில்லை என்பது கருதத்தக்கது. எழுத்தின் வடிவம் வேறுபட்டமையே குறுக்கம் என்பதைக் காட்டிற்று; ஆதலின் வேறொரு குறி வேண்டப்படவில்லை.

1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்துக்களால் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. அச்சுக்கலை பரவப் பரவ ஐரோப்பிய மொழிகளின் நிறுத்தற்குறிகள் தமிழிலும் புகுந்தன. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் தம் உரைநடையிலும் பதிப்புக்களிலும் அவற்றை ஒழுங்குபட வழங்கினார். தொடரை முடிக்கும் புள்ளியும் குறுக்கத்தைக் காட்டும் புள்ளியும் இவ்வாறு வெளியிலிருந்து நமக்கு வந்தன. வந்ததனைக் கொள்ளுதலில் இழுக்கு இல்லை. ஆனால் பிறமொழியில் அதற்குத் துணையாக நின்றவை தமிழில் உளவா என்று நோக்காது கொள்ளுதல் பொருந்தாது.

ஆங்கிலத்தில் தொடரின் முதலெழுத்து பெரிய எழுத்தாக வரும். புள்ளியை அடுத்துச் சிறிய எழுத்து வரின், அப்புள்ளி குறுக்கப் புள்ளி என்று பெரும்பாலும் துணியலாம். தமிழெழுத்தில் பெரிது சிறிது என்னும் பாகுபாடு இல்லை. ஆகவே ஆங்கிலப் புள்ளிக்கு உள்ள ஒரு துணை தமிழ்ப் புள்ளிக்கு இல்லை. அதனை ஈடு செய்வது தமிழின் தொடரமைப்பே. தமிழ்த்தொடர் பெரும்பாலும் வினைமுற்றைக் கொண்டு முடிகின்றது. 'ஆராய்ந்தார்', 'கிடைத்தது' என்பன போன்ற முற்றுக்களின் பின் நிற்கும் புள்ளியைக் குறுக்கப் புள்ளி என யாரும் மயங்கார். மயக்கம் தோன்றுவது பெயர்ச்சொல்லின் பின்னரே. இவ்வுண்மையை மனங்கொண்டு மேலே செல்வோம்.

குறுக்கம் என்பது யாது?

சொல் குறைந்து வருவதெல்லாம் குறுக்கம் ஆகாது. தஞ்சாவூர் தஞ்சை என்றும், கோயம்புத்தூர் கோவை என்றும், புதுச்சேரி புதுவை என்றும் வழங்குதல் மரூஉ. இவை முழுச்சொற்களாகவே நிலைபெற்றுவிட்டன; பேச்சிலும் எழுத்திலும் அவ்வாறே வருகின்றன; வேற்றுமை உருபையும் இயல்பாக ஏற்கின்றன. செய்யுளில் வரும் தலைக்குறை, இடைக்குறை, கடைக்குறை ஆகியனவும் ஒலியிலேயே குறைந்தவை. குறைந்த வடிவமே ஒலிக்கப்படுதலின் அவற்றிற்கும் புள்ளி வேண்டா.

நாம் இங்கு ஆராயும் குறுக்கமோ எழுத்தளவில் நிகழ்வது. 'தொல்.' என்று எழுதித் தொல்காப்பியம் என்று படிக்கிறோம், 'கி.பி.' என்று எழுதிக் கிறித்துவுக்குப் பின் என்று பொருள் கொள்கிறோம். எழுதப்பட்டதற்கும் உணரப்படுவதற்கும் இடையே வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டைக் காட்டுவதே புள்ளியின் பணி. எங்கே அவ்வேறுபாடு இல்லையோ, அங்கே புள்ளிக்கு இடமில்லை. இதனை முதல் விதியாகக் கொள்ளலாம்.

இவ்விதியை அளவுகோலாகக் கொண்டு நோக்கின், நாள்தோறும் நாம் காணும் ஒரு வழக்குப் பிழையாதல் தெளிவாகும். ஒருவர் பெயருக்கு முன் மதிப்புக் கருதி எழுதப்படும் 'திரு' என்னும் சொல்லின் பின் புள்ளியிடுவோர் பலர். 'திரு' என்பது எதன் குறுக்கம்? எதன் குறுக்கமும் அன்று. அது தன்னளவில் நிறைந்த ஒரு சொல். 'திருமதி', 'செல்வி' என்பனவும் அத்தகையனவே. ஆங்கிலத்தில் 'மிஸ்டர்' என்பதனைக் குறுக்கிப் புள்ளியிடும் வழக்கைக் கண்டு, அவ்விடத்திற்கு வந்த தமிழ்ச் சொல்லிற்கும் புள்ளியிட்டனர் என்பதன்றி வேறு காரணம் புலப்படவில்லை. அப்புள்ளி ஆங்கிலத்திலும் ஒருமுகமாக ஏற்கப்பட்டதன்று. சொல்லின் முதலும் ஈறும் நிற்க இடை குறைந்த வடிவத்திற்குப் புள்ளி வேண்டா, ஈறு குறைந்த வடிவத்திற்கே வேண்டும் என்பது 1926இல் தம் ஆங்கில வழக்கு நூலை வெளியிட்ட ஃபௌலர் கொண்ட கொள்கை. பிரித்தானிய அச்சகங்கள் பல அதனைப் பின்பற்றின. அமெரிக்கர் இரண்டிற்கும் புள்ளியிடுகின்றனர்.

ஃபௌலரின் பாகுபாடு தமிழிற்குப் பெரிதும் வேண்டப்படாமைக்கும் ஒரு காரணம் உண்டு. தமிழ்ச்சொல்லின் ஈறு உருபேற்குந்தோறும் மாறுவது: 'பக்கம்' என்பது 'பக்கத்தில்' எனவும் 'பக்கங்களை' எனவும் வரும். மாறும் ஈறு சொல்லிற்கு அடையாளம் ஆகாது. மாறாத முதலே அடையாளம் ஆகும். அதனால் தமிழில் எழுத்துக் குறுக்கம் பெரும்பாலும் ஈறு குறைந்ததாகவே அமைகின்றது. நமக்கு வேண்டிய விதி எளியது: சொல் குறைந்திருப்பின் புள்ளி, நிறைந்திருப்பின் இன்மை.

பெயர்கள் தரும் சான்று

மேற்கூறிய விதியின் இன்றியமையாமையைத் தமிழறிஞர் பெயர்களே காட்டும். திரு.வி.க. என்னும் பெயரை நோக்குக. திருவாரூர் விருத்தாசலம் கலியாணசுந்தரனார் என்பதன் குறுக்கம் அது. இங்குத் 'திரு.' என்பது திருவாரூர் என்னும் ஊர்ப்பெயரின் முதற்பகுதி, மதிப்புச்சொல் அன்று. அதன் பின் புள்ளி நிற்றல் முறையே. மதிப்புக்குரிய 'திரு'விற்கும் புள்ளியிடும் வழக்கம் பரவியமையால், இப்பெயரை 'வி.க.' என்பாருக்கு மதிப்புச்சொல் சேர்த்த வடிவமாக மாணவர் கருதுதற்கு இடமுண்டாகிறது. இரண்டிற்கும் வேறுபாடு காட்ட வல்லது அப்புள்ளி ஒன்றே. அதனை இரண்டிடத்தும் இட்டு அவ்வேறுபாட்டை நாமே அழித்துவிடுகிறோம்.

மயிலை சீனி. வேங்கடசாமி என்னும் பெயர் இன்னும் சிறந்த சான்று. 'மயிலை' என்பது மயிலாப்பூரின் மரூஉ; புள்ளி பெறவில்லை. 'சீனி.' என்பது சீனிவாசன் என்னும் தந்தை பெயரின் குறுக்கம், புள்ளி பெற்றது. ஒரே பெயருள் அடுத்தடுத்து நிற்கும் இவ்விரு சொற்களும் மரூஉவிற்கும் குறுக்கத்திற்கும் உள்ள வேறுபாட்டை நன்கு விளக்குகின்றன. புள்ளி நீங்கின், 'சீனி' என்பது சருக்கரையைக் குறிக்கும் முழுச்சொல்லாய்விடும்.

உ.வே.சா., தெ.பொ.மீ., மு.வ. என வருவன மற்றொரு வகையின. இவை கண்ணால் கண்டு முழுப்பெயராக விரித்துப் படிக்கப்படுவன அல்ல. 'உவேசா' என்றே வாயாலும் சொல்லப்படுகின்றன. 'தொல்.' போன்றவை எழுத்திற்கே உரியன. இவையோ எழுத்திற்கும் பேச்சிற்கும் பொதுவாயின. மரூஉவை நோக்கி நடக்கும் வடிவங்கள் இவை எனலாம். அந்நடை எங்குச் சென்று முடியும் என்பதற்கு இக்கால நாளிதழ்களே சான்று. முன்பு 'தி.மு.க.' என்று அச்சிட்டமை மாறி, இன்று 'திமுக' என்று புள்ளியின்றி அச்சிடுதல் பெருவழக்காயிற்று, 'ஐ.நா.' என்பதும் 'ஐநா' என வருகின்றது. குறுக்கம் சொல்லாக மாறும்போது புள்ளி உதிர்கின்றது என்பதே இதன் பொருள். இதனைப் பிழை எனக் கடிதல் வேண்டா. ஒரு கட்டுரைக்குள் இருவகையும் கலந்து வருதலையே கடிதல் வேண்டும்.

பேச்சிற்கும் உரிய இக்குறுக்கங்கள் வேற்றுமை உருபை ஏற்கும்போது ஒரு சிக்கல் எழுகிறது. 'உ.வே.சா.வின்' என எழுதுதலா, 'உ.வே.சாவின்' என எழுதுதலா? ஒலியை நோக்கின் பின்னது இயல்பாகத் தோன்றும். ஆயின் 'மு.வவின்' என எழுதிப் பார்ப்பின் இடர் விளங்கும். பெயர் எங்கு முடிந்தது, உடம்படுமெய் எங்குத் தொடங்கிற்று என்பது கண்ணுக்குப் புலனாகாது. 'மு.வ.வின்' என்பதில் அவ்விடர் இல்லை. ஆகவே எல்லாவற்றிற்கும் பொதுவாக ஈற்றுப்புள்ளியை நிறுத்தி, இடைவெளியின்றி உருபைச் சேர்த்தலே தக்கது என்பது நம் கருத்து. எழுத்திற்கே உரிய 'தொல்.', 'சிலப்.' முதலியவற்றிற்கு உருபு சேர்த்தலே கூடாது. ஒலிக்கப்படாத வடிவம் உருபேற்றல் மரபன்று. அவ்விடங்களில் 'தொல்காப்பியத்தில்' என நிறைவாக எழுதுதல் வேண்டும்.

லெக்சிகன் காட்டும் நெறி

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் இவ்வகையில் நமக்கு ஒரு நல்ல முன்மாதிரி. சொற்பொருளுக்கு மேற்கோள் இடம் காட்டுமிடத்து, அது சீவக சிந்தாமணியைச் 'சீவக.' என்றும், புறநானூற்றைப் 'புறநா.' என்றும், பிங்கல நிகண்டைப் 'பிங்.' என்றும் புள்ளியிட்டுக் குறிக்கும். திருக்குறளைக் குறிக்குமிடத்தோ 'குறள்' என்று எழுதிக் காற்புள்ளியிட்டுக் குறளெண்ணைத் தரும். இவ்வேறுபாடு அச்சில் நேர்ந்த தற்செயல் அன்று. 'சீவக' என்பது குறைந்த சொல். 'குறள்' என்பது அந்நூலுக்கு வழங்கும் நிறைந்த பெயர். குறைந்ததற்குப் புள்ளியும் நிறைந்ததற்குக் காற்புள்ளியும் இட்டமை, புள்ளியின் தொழிலை நன்குணர்ந்தார் செயல். இந்நுண்மை இன்றைய ஆய்வேடுகள் பலவற்றில் காணப்படவில்லை, 'குறள்.' என்று புள்ளியிட்டு எழுதுதலே மிகுதியாகவுள்ளது.

ஆய்வேடுகளின் அடிக்குறிப்பில் காணும் வேறு சில வழக்குகளும் ஆராயத்தக்கன. ஒரு பக்கத்தைக் குறிக்கப் 'ப.' என்றும் பல பக்கங்களைக் குறிக்கப் 'பக்.' என்றும் எழுதுகிறோம். இது ஆங்கிலத்தில் ஓரெழுத்தை இரட்டித்துப் பன்மை காட்டும் முறையைத் தழுவியது. ஆயின் 'பக்' என்பதில் பன்மை காட்டும் உறுப்பு யாதும் இல்லை. 'பக்கம்' என்னும் ஒருமையின் முதலிரண்டு எழுத்தே அது. மரபாக நிலைத்துவிட்டமையால் கொள்ளலாமேனும், தமிழ்நெறியால் அமைந்தது என்று கொள்ளுதற்கில்லை. 'மேலது' என்பதன் பின் இடும் புள்ளி இதனினும் பொருந்தாதது. 'மேலது' நிறைந்த தமிழ்ச்சொல். அதனையடுத்துப் பக்க எண் வருமாயின் காற்புள்ளியே உரியது. குறிப்பு அதனோடு முடியுமாயின் முடிவுப்புள்ளி வரலாம்.

குறுக்கத்தின் அளவும் நோக்கத்தக்கது. 'பெரு.' என்று மட்டும் எழுதின் பெருங்கதையா, பெரும்பாணாற்றுப்படையா என்பது தெளியாது. எச்சம் ஒன்றாகவே கொள்ளப்படுமாறு முதற்பகுதி அமைதல் வேண்டும். புள்ளி எஞ்சியது உண்டு என்று சொல்லுமேயன்றி, எஞ்சியது யாது என்று சொல்லாது.

தொடரின் முடிவு

இனி முடிவுப்புள்ளியைக் காண்போம். வினைமுற்றே தொடரின் எல்லையைக் காட்டுமாதலின், தமிழிற்கு இப்புள்ளி மிகை என்று கருதுவார் உளர். உரைநடையில் பலவிடங்களில் அஃது உண்மையே. ஆயினும் முற்றெனத் தோன்றி முற்று ஆகாதனவும், முற்றும் எச்சமும் ஒரு வடிவாய் வருவனவும் தமிழில் உண்டு.

செய்யும் என்னும் வாய்பாட்டு வினை முற்றாகவும் வரும், பெயரெச்சமாகவும் வரும். 'மழை பொழியும் நாடு செழிக்கும்' என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். புள்ளி இறுதியில் மட்டும் வரின், மழை பொழிகின்ற நாடு எதுவோ அது செழிக்கும் என்று ஒரு பொதுவுண்மை கூறியதாகும். 'பொழியும்' என்பதன் பின்னும் புள்ளி வரின், மழை பொழியப் போகிறது, அதனால் நாடு செழிக்கப் போகிறது என்று இரண்டு செய்திகள் கூறியதாகும். எழுத்து ஒன்றும் மாறவில்லை, பொருள் மாறிற்று. இத்தகைய இடத்தில் முற்றுப்புள்ளி அணியன்று, இலக்கணக் கருவி.

பழம்பாடல்களைப் பதிப்பிக்குங்கால் இக்கருவி கூரிய வாளாகின்றது. 'வந்தனன் வணங்கினான்' என்றாற்போல வருமிடத்து 'வந்தனன்' என்பது முற்றெச்சம். 'வந்து' என்பது பொருள். அதனை முற்றென்று கருதிப் பதிப்பாசிரியர் புள்ளியிடின், ஒரு தொடர் இரண்டாகப் பிளவுபடும். பல செய்யுட்கள் ஒரு வினைகொண்டு முடியும் குளகத்தில் ஒவ்வொரு செய்யுளின் இறுதியிலும் புள்ளியிடின் தொடரே சிதையும். சேய்மையில் நிற்கும் சொற்களைக் கொணர்ந்து மாட்டுறுப்பாக முடிக்கும் நச்சினார்க்கினியர் உரையைத் தழுவுகின்ற ஒருவர் பத்துப்பாட்டிற்கு இடும் புள்ளி வேறு. நின்றாங்கே பொருள் கொள்வார் இடும் புள்ளி வேறு. எனவே பழம்பாடலில் இடப்படும் ஒவ்வொரு முற்றுப்புள்ளியும் ஓர் உரையே ஆகும்.

1950களில் மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட சங்க நூற்பதிப்புக்கள் சந்தி பிரித்தும் நிறுத்தற்குறி இட்டும் அமைந்தன. பொதுமக்களும் மாணவரும் பழம்பாடல்களை அணுகுதற்கு அவை செய்த உதவி பெரிது. அப்பதிப்புக்களையும் அவற்றின் வழிவந்தனவற்றையும் எடுத்தாளும் ஆராய்ச்சியாளர், ஆங்குள்ள புள்ளி புலவர் இட்டதன்று, பதிப்பாசிரியர் துணிந்தது என்பதனை மறத்தலாகாது. புள்ளியைச் சான்றாகக் கொண்டு பாடலின் பொருளை நிறுவுதல், முடிபையே ஏதுவாகக் காட்டுதலாகும்.

இரு தொழிலும் சந்திக்குமிடம்

குறுக்கமும் தொடரின் முடிவும் ஓரிடத்தே வரின் எத்தனை புள்ளி இடுவது? 'இந்நூலைப் பதிப்பித்தவர் உ.வே.சா.' என்பது போன்ற தொடர்களில் ஒரு புள்ளியே போதும். இரண்டு இடுதல் எங்கும் வழக்கன்று. ஆங்கில நூல்கள் இதனைத் தனியே எடுத்துரைக்கும். தமிழில் இது நிகழுமிடம் குறைவு. வினை இறுதியில் நிற்கும் மொழியாதலின், குறுக்கம் தொடரின் இறுதியில் வருதல் பெயர்ப்பயனிலைத் தொடர்களில் மட்டுமே பெரும்பாலும் நிகழும். ஆனால் நிகழுமிடத்து விளையும் மயக்கம் ஆங்கிலத்தினும் பெரிது.

விளக்கத்திற்காக நாமே அமைத்த ஒரு தொடரைக் காண்க: 'இவ்வழக்கிற்குச் சான்று சிலப். மணி. இதனை மறுக்கும்.' இதன் பொருள் யாது? சான்று சிலப்பதிகாரம் என்பதோடு முதல் தொடர் முடிய, மணிமேகலை இதனை மறுக்கும் என்று இரண்டாம் தொடர் அமைந்ததாகக் கொள்ளலாம். சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகிய இரண்டும் சான்று என முதல் தொடர் முடிந்ததாகவும், அச்சான்று வேறொரு கருத்தை மறுக்கும் எனப் பின்னது எழுவாய் தோன்றாது நின்றதாகவும் கொள்ளலாம். முதற்பொருளில் மணிமேகலை எதிர்ச்சான்று; இரண்டாம் பொருளில் துணைச்சான்று. பெரிய எழுத்தின் துணையும் வினைமுற்றின் துணையும் இல்லாதவிடத்துப் புள்ளி தானே தன் பொருளை உணர்த்த மாட்டாமை இதனால் விளங்கும். 'இவ்வழக்கிற்குச் சிலப்பதிகாரம் சான்றாகின்றது. மணிமேகலை இதனை மறுக்கின்றது.' என்று எழுதின் மயக்கம் முற்றும் நீங்கும்.

'இடம் நோக்கி உணரலாகாதோ?' என வினவுவார்க்கு நம் விடை இது: துறையறிந்தார் இடம் நோக்கி உணர்வர், ஆனால் ஆய்வுக்கட்டுரை துறையறியப் புகுவாருக்கும் உரியது. மேலும், இன்று நம் நூல்கள் கணிப்பொறியில் ஏற்றப்பட்டுச் சொல்லடைவும் தொடரடைவும் தொகுக்கப் பயன்படுகின்றன. புள்ளி கண்டவிடமெல்லாம் தொடரை முறிக்கும் எளிய நிரல், 'உ.வே.சா.' என்னும் ஒரு பெயரை மூன்று தொடராக எண்ணிவிடும். முன்னர் ஏட்டைப் படித்தார்க்கு இலக்கணம் துணை நின்றது. இயந்திரத்திற்கு அத்துணையை நாமே அமைத்துக் கொடுத்தல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: எழுத்தளவில் குறைந்த சொல்லிற்கே குறுக்கப் புள்ளி உரியது; 'திரு', 'மேலது', 'குறள்' முதலிய நிறைந்த சொற்களுக்கும் மரூஉச் சொற்களுக்கும் அது வேண்டா. பேச்சிலும் வழங்கும் குறுக்கம் புள்ளியோடு நின்றே உருபேற்கலாம்; எழுத்திற்கே உரிய குறுக்கம் உருபேற்றலாகாது. பெயர்ப்பயனிலைத் தொடரின் இறுதியில் குறுக்கம் வருதலைக் கூடியவரை விலக்கி, முழுச்சொல்லாலோ வினைமுற்றாலோ தொடரை முடித்தல் வேண்டும். பழம்பாடற் பதிப்புக்களில் உள்ள புள்ளியைப் பதிப்பாசிரியர் கருத்தாகக் கொண்டு ஆராய்தல் வேண்டும்.

இவை புதியனவாக நாம் படைத்த விதிகள் அல்ல. முற்று, எச்சம், மரூஉ, உருபு என நம் இலக்கணத்தில் உள்ளனவற்றைப் புறத்திருந்து வந்த ஒரு குறியோடு இயைத்துக் கண்டனவே. நம் துறை வெளியிடும் ஆய்வேடுகளும் இதழ்களும் இவற்றுள் ஏற்பனவற்றைத் தேர்ந்து ஒரு நெறிப்பட வழங்குமாயின், மேற்கோளின் இடத்தைத் தேடிக் காண முயலும் அடுத்த தலைமுறை ஆராய்ச்சியாளர்க்கு அதுவே பேருதவியாகும்.